பாறணைக்குப் பிறகு

நீர்வேலி ஊர் சீவரத்தினத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. சந்தையில் வாழைக்குலை இறக்கினாலும் சரி, சங்கக் கடையில் நின்றாலும் சரி, 'விரதகாரப் பெடியன்ரை தேப்பன்' என்றுதான் ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். சிலர் எழுந்து கதிரை கொடுப்பார்கள். ஐம்பத்தேழு வயதுவரை எவரும் கதிரை கொடுக்காத மனிதர் அவர். பஸ்ஸில் ஏறினால் நடத்துநர்கூடப் பின்னுக்குத்தான் தள்ளுவான். இப்போது வந்து சேர்ந்த மரியாதையை ஒரு தலையாட்டலோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தத் தலையாட்டலை அடக்கம் என்று ஊர் நினைத்தது. ஊருக்கு எதையாவது நினைக்கவேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துக் கிடக்குமே, அப்படி மனிதர் முழுவதும் மரத்துக் கிடந்தார். தேத்தண்ணி ஆறியிருந்தாலும் குடித்தார், கொதித்தாலும் குடித்தார். வாழையடியில் முளைத்த இடைக்குட்டி வெட்டும்போது கத்தி விரலில் பட்டால், இரத்தத்தைக் கண்ட பிறகுதான் வெட்டியது தெரியும்.

சண்டைக் காலத்தில்கூட அவர் இப்படி இருந்ததில்லை. ஊர் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர். அப்போது பயந்தார், வழியெல்லாம் கடவுளைத் திட்டினார், திரும்பி வந்து காடு பத்திக் கிடந்த வாழைத்தோட்டத்தைப் பார்த்துக் குந்தியிருந்து அழுதார். பிறகு எழுந்து கதலியும் இதரையுமாகத் திரும்ப வாழை நட்டார். இணுவிலில் உதயகலாவைக் கட்டினார். பிள்ளை இல்லையே என்று இருவரும் ஏறாத கோயில் இல்லை. கடைசியில் நிருஷன் பிறந்தான். ஒரே பிள்ளை. செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நிருஷன் நல்ல பெடியன்தான். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் பெடியனை முதலே கெட்டவனாக்கிவிட்டால் கேட்கிறவருக்குச் சுகமாக இருக்கும். அவன் தாய்க்குத் தேங்காய் துருவிக் கொடுப்பான், தகப்பனோடு குலைக்குச் சருகு கட்டுவான். பட்டணத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலைக்குப் போனான். அங்கே பழகிய யாரோ போதைத் தூளைக் காட்டினார்கள். பிறகு ஊசி. வெயில் கொதிக்கும் நாளிலும் நீளக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். உதயகலா அதைப் பார்த்து, மகன் கறுத்துப்போகாமல் இருக்கப் பார்க்கிறான், யாரையோ விரும்புகிறான் போல என்று சிரித்தாள்.

தெரிய வந்த பிறகு செய்யாதது ஒன்றுமில்லை. ஐயரிடம் நூல் கட்டினார்கள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். நேர்த்தி வைத்தார்கள். அவன் ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் சத்தியம் செய்தான், ஒவ்வொரு முறையும் உடைத்தான். ஆஸ்பத்திரி என்ற சொல் அந்த வீட்டில் எழவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காத்திருக்கும் வாங்கில் தெரிந்த முகம் இருக்கும், ஊர் அறிந்துவிடும். கோயிலுக்குப் போனால் ஊர் அறிந்தாலும் அது பக்தி.

கந்தசஷ்டி யோசனை சீவரத்தினத்தினுடையது. ஆறு நாள் விரதம் பிடிக்கிறவர்கள் கோயில் மடத்திலேயே தங்குவது அந்த ஊர் வழக்கம். கடும் விரதகாரர் மிளகையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் தொடமாட்டார்கள். படுத்திருப்பார்கள், புராணப் படிப்புக் கேட்பார்கள். விரதகாரனைப் பார்த்து ஏன் படுத்திருக்கிறாய், ஏன் நடுங்குகிறாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். தகப்பன் மகனுடைய போனையும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணும் திறப்பையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கையில் காப்புக் கட்டிக்கொண்டு மகன் மடத்துக்குள் போனான்.

அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. மூக்கு ஒழுகியது, வயிறு ஒழுகியது, கால் இழுத்தது, பாயைச் சுரண்டினான். தகப்பன் பக்கத்திலேயே இருந்து ஈரத் துவாயால் துடைத்தார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். கோயில் சபைத் தலைவர் தம்பிஐயா வந்து பார்த்துவிட்டு, "இந்த வயசிலை இப்பிடி உடம்பை வருத்துற பெடியனை நான் காணேல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சீவரத்தினத்துக்கு அப்போது நெஞ்சு நிறைந்தது. அதுதான் அவர் கடைசியாக உணர்ந்த நல்ல உணர்வு.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று, நிருஷன் எழுந்து நின்றான். முகம் தெளிந்திருந்தது. மறுநாள் விடிய வீட்டில் பாறணை, விரதம் முடிக்கும் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயிற்றங்காய், வாழைப்பொத்தி வறை, பருப்பு, பச்சடி. தாய் போடப்போட மகன் மறுக்காமல் சாப்பிட்டான். பிறகு தகப்பன் மடத்தைக் கூட்டிக் கழுவப் போனார். அவர் இல்லாத நேரத்தில் உதயகலா அலுமாரியைத் திறந்தாள். "போய்த் தலைமயிரை வெட்டிக்கொண்டு, சந்தோசமாய் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வா மோனை" என்று திறப்பையும் போனையும் மகன் கையில் வைத்தாள்.

மத்தியானம் வாழைக்குத் தண்ணீர் விடப் போன சீவரத்தினம், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் கொட்டிலில் அவனைக் கண்டார். சுவரில் சாய்ந்து இருந்தான். தலைமயிர் வெட்டியிருந்தது. கையில் விரதக் காப்பு. மற்றக் கைப்பக்கத்தில் ஊசி. உடம்பு குளிர்ந்திருந்தது. அவர் கத்தவில்லை. ஊசியை எடுத்துத் துணியில் சுற்றித் தகரத்துக்குள் போட்டு மூடினார். சேட்டுக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் பூட்டினார். அதன்பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

பிரேத பரிசோதனை செய்த இளம் பெண் டாக்டரை அவரால் ஏமாற்ற முடியவில்லை. அவள் அவரைத் தனியே கூப்பிட்டு இருத்தினாள்.

"ஐயா, மகன் கொஞ்ச நாளாய் நிப்பாட்டியிருந்தவரோ?"

"ஓம். விரதம் இருந்தவன்."

"அதுதான். நிப்பாட்டின உடம்பு பழைய அளவைத் தாங்காது ஐயா. அவர் பழைய அளவைத்தான் போட்டிருக்கிறார். விரதத்தைப் பிழை சொல்லேல்லை. முடிஞ்ச கையோடை தனிய விட்டதுதான் பிழைச்சுப்போச்சு. உது வருத்தம் ஐயா. எங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், நிப்பாட்டின பிறகு பாக்கிறதுக்கும் வழி இருந்தது."

தனியே விட்டது. அந்தச் சொல்லோடு அவர் வீட்டுக்கு வந்தார். பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து உதயகலா வந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் என்ரை கையாலை சோறு போட்டனான். என்ரை கையாலை திறப்பை எடுத்துக் குடுத்து, சந்தோசமாய்ப் போட்டு வா எண்டனான். சிரிச்சுக்கொண்டு போனவன். விரதத்தை முடிக்கவிட்டுக் கந்தன் கூப்பிட்டிட்டான்." அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்தத் திறப்பைத்தான். அந்தத் திறப்புத்தான் மகனைத் திரும்பத் தூளிடம் கொண்டுபோனது என்று அவளிடம் சொல்ல அவரால் முடியவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார். அன்றைக்குத்தான் மரத்துப்போனார்.

அதற்குப் பிறகு மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. விரதம் முடித்த கையோடு போன பிள்ளை என்று கதை கோப்பாய் தாண்டிப் போயிற்று. தாய்மார் வந்து உதயகலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்கள். அவள் அதில் உயிர் பிழைத்தாள். மகனுடைய படத்துக்கு முன்னால் திறப்பை ஓர் ஆணியில் கொழுவி, கிழமைதோறும் துடைத்துப் பொட்டு வைத்தாள். மோட்டார் சைக்கிள் விறாந்தைக் கரையில் படங்கு மூடிக் கிடந்தது. பற்றரி பழுதாகக் கூடாது என்று இடைக்கிடை படங்கை நீக்கி ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லுவாள். சீவரத்தினமும் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, புகை போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நினைப்பு ஒன்றும் ஓடாது.

இந்த வருடம் சஷ்டி நெருங்கியபோது தம்பிஐயா வீட்டுக்கு வந்தார். கூடவே பக்கத்து ஒழுங்கைக் கஜந்தினியும் வந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். தாய் தகப்பன் இல்லை, தம்பி டிலுக்சனை அவள்தான் வளர்த்தாள். தம்பிஐயா கதிரையில் இருந்ததும் விசயத்துக்கு வந்தார்.

"சீவரத்தினம், ஊரிலை பெடியள் தூளாலை கெட்டுப்போறாங்கள். ஒளிச்சு என்ன பிரயோசனம்? இந்த முறை அப்பிடியான பெடியளை மடத்திலை விரதத்துக்கு இருத்துறதெண்டு சபை முடிவெடுத்திருக்கு. வாசல்லை நிருஷன்ரை படத்தைப் பெரிசாய் அடிச்சு வைக்கப்போறம். அவனைப் பாத்து அவங்கள் திருந்தோணும்."

நல்ல மனிதர்தான் தம்பிஐயா. ஊரில் பலர் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அவராவது திறந்தார். திறந்த கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உதயகலா முகம் மலர்ந்து உள்ளே ஓடி மூன்று நாலு படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். சீவரத்தினம் தலையாட்டினார். படத்தில் மகன் நீளக்கைச் சேட்டுப் போட்டிருந்தான். பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

கஜந்தினி மெல்ல வாயைத் திறந்தாள். "மாமி, ஊருக்குத் தெரிஞ்சாலும் பறவாயில்லை எண்டு வந்திருக்கிறன். எங்கடை டிலுக்சனும் அந்தப் பழக்கத்திலை விழுந்திட்டான். கெஞ்சிச் சம்மதிக்க வைச்சிருக்கிறன். நிருஷனுக்கு நீங்கள் என்னென்ன செய்தனீங்களோ, அப்பிடியே ஒண்டும் பிசகாமல் செய்யோணும். சொல்லித்தாங்கோ."

உதயகலா சொன்னாள். மடத்தில் எந்தப் பக்கம் பாய் போட்டது, என்ன பாட்டைக் கேட்டால் அடங்கிக் கிடந்தான், பாறணைக்கு என்ன கறி. எல்லாவற்றையும் கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோலப் பொத்திப் பொத்திக் கொடுத்தாள். கடைசியாக ஆணியைக் காட்டினாள். "சாப்பிட்டு முடிஞ்ச உடனை உந்தத் திறப்பைக் கையிலை குடுத்தன் பிள்ளை. நம்பி விட்டால்தான் அவங்களுக்கும் மனம் வரும்."

"நானும் அதுதான் மாமி நினைச்சனான். இப்ப அவன்ரை போனையும் திறப்பையும் நான்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறன். பாறணை அண்டைக்குச் சோத்தைப் போட்டு, கையிலை குடுத்து, விட்டிடுவன்."

"குடுக்காதை."

யார் சொன்னது என்று மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். சீவரத்தினத்துக்கே அது தன் குரல் என்று படக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கை இன்னும் ஆணியைக் காட்டிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பறித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் பாறணை அன்று இன்னொரு கொட்டிலில் இன்னொரு பிள்ளை சுவரில் சாய்ந்திருப்பான். அதுவும் தெரிந்தது. இரண்டும் தெரிந்தது, ஆனால் ஒன்றும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் ஒருவேளை வாயை மூடியிருப்பார்.

"நிருஷன் ஹார்ட் அட்டாக்கிலை சாகேல்லை," என்றார். "போதை மருந்து கூடிச் செத்தவன். மெசின் கொட்டிலுக்கை பக்கத்திலை ஊசி கிடந்தது. நான்தான் எடுத்து ஒளிச்சனான். ஆறு நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காதாம். டாக்டர் சொன்னவ. விரதம் முடிச்ச அண்டைக்குத்தான் ஆகலும் ஆபத்தாம்."

படங்களை அடுக்கிக்கொண்டிருந்த தம்பிஐயாவின் கை நின்றது. "உதை இஞ்சையோடை விடும் சீவரத்தினம்," என்றார் கரகரத்த குரலில். "கோயிலைப் பிழை சொல்லுற மாதிரிப் போயிடும்."

"கோயில்லை பிழை இல்லை ஐயா. என்ரை பிள்ளையைக் கோயிலுக்கை ஒளிச்சு வைச்சன். அதுதான் பிழை. முதல் ஆஸ்பத்திரியிலை காட்டுங்கோ. பிறகு மடத்திலை இருத்துங்கோ, புராணம் படிச்சுக் காட்டுங்கோ, பக்கத்திலை இருங்கோ. படம் வேண்டாம்."

கஜந்தினி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். சீவரத்தினம் அவளைப் பார்த்து, "அழாதை பிள்ளை, நாளைக்கு நான் கூட வாறன். எனக்கு அந்த டாக்டரைத் தெரியும்," என்றார். அவர்கள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். உதயகலா படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள்.

"அப்ப நான்தானே குடுத்தனான்," என்றாள்.

ஒரு வருடமாக அவர் ஓடி ஒளிந்தது இந்தக் கேள்விக்குத்தான். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார்.

"ஓம்," என்றார். "விரதத்துக்கு இருத்தினது நான்."

அவள் குசினிக்குள் போனாள். அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கும் என்று அவர் காத்திருந்தார், அது கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் பேச்சை விட்டாள். சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது, திறப்புக்குப் பொட்டு வைக்கவில்லை. ஒரே மரத்துப்போதல் இப்போது இரண்டு பேருக்கும் பங்காயிற்று.

மறுநாள் டிலுக்சனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வாங்கில் ஊரவர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் கண்ணைத் தாழ்த்தினார்கள், சீவரத்தினமும் தாழ்த்தினார். பிறகு மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். பெடியனை வார்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். சஷ்டி தொடங்கிய பிறகு தம்பிஐயா கோயில் வானில் இன்னும் இரண்டு பெடியளை ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீவரத்தினத்தைக் கண்டும் காணாததுபோல வாசலில் நின்று வெற்றிலை போட்டார். மனிதர் வந்தாரே, அது போதும்.

பாறணை அன்று விடிய, வீட்டில் ஒருவரும் விரதம் இல்லாதபோதும், குசினியில் தாளிக்கும் மணம் வந்தது. சீவரத்தினம் எட்டிப் பார்த்தார். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயிற்றங்காய், பொத்தி வறை. உதயகலா சோற்றோடு எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் போட்டு மூடி, உரப்பையில் வைத்தாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஆணியிலிருந்து திறப்பைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். நாட்கணக்குக்குப் பிறகு அவள் பேசிய முதற் சொல் அது. "மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோங்கோ. பஸ்ஸிலை போனால் சோறு ஆறிப்போம். வார்டிலை கிடக்கிற அந்தப் பெடியனுக்குக் குடுங்கோ."

அவர் திறப்பை வாங்கினார். அவள் விடவில்லை. அதன் ஒரு முனை அவள் விரலிலேயே இருந்தது.

"சாப்பிட்டு முடிஞ்ச பிறகும் பக்கத்திலை இருங்கோ. தனிய விட்டிட்டு வராதையுங்கோ."

"ஓம்," என்றார்.

படங்கை நீக்கி மகனுடைய மோட்டார் சைக்கிளில் முதன்முறையாக ஏறினார். அடுக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கோப்பாய்ச் சந்தி தாண்டிய பிறகுதான் தொடை எரிவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தார். சட்டி உடுத்திருந்த சாறத்துக்கு மேலால் சுட்டுக்கொண்டிருந்தது. சுடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று அவருக்குச் சுட்டது. வேலிக்கரையில் நிறுத்தி, சட்டியை இறக்காமல், என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை என்று வாய்விட்டு அழுதார். போகிறவர்கள் பார்த்தார்கள். 'விரதகாரப் பெடியன்ரை தேப்பன்' என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினார். சோறு ஆறுவதற்குள் போகவேண்டியிருந்தது.